துருவைச் சுட்டால் ரேடியோ பாடும்

மொபைல் சார்ஜர் கீழே விழுந்து பிளந்தால், உள்ளே மஞ்சள் டேப் சுற்றிய சின்னக் கட்டி ஒன்று கண்ணில் படும். டேப்பைப் பிரித்தால் நூலிழை போன்ற செப்புக் கம்பி. அதற்கும் உள்ளே, கரித்துண்டு போன்ற ஒரு கறுப்புப் பொருள். தட்டிப் பார்த்தால் பீங்கான் ஓசை வரும். தரையில் போட்டால் ஓடு மாதிரி உடையும். ஆனால் காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர் ஃபெரைட். ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் 'கோர்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

சென்னையிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போகிறவர்கள் ரேணிகுண்டாவில் ஜன்னல் வழியாகக் காப்பி வாங்கியிருப்பார்கள். 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு கைகோத்த மதராஸ் ரயில்பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இன்று இங்குள்ள விமான நிலையத்தைச் சுற்றி எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்பேட்டைகள் வளர்ந்திருக்கின்றன. டிக்சன் நிறுவனம் திருப்பதியில் டிவி தயாரிக்கிறது. பக்கத்து விக்ருதமாலாவில் சீனாவின் டி.சி.எல். நிறுவனத்தின் திரைத் தொழிற்சாலைக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இந்த வட்டாரத்தில் பெட்டிகட்டப்படும் டிவிகளின் வயிற்றில் அந்தக் கறுப்புக் கல் இருக்கிறது. அது இந்த வேலைக்கு வந்து சேர்ந்த வழி மிகவும் சுற்றுவழி.

முதல் ஃபெரைட்டை யாரும் செய்யவில்லை, மண்ணிலிருந்து எடுத்தார்கள். காந்தக்கல் என்று நாம் சொல்லும் மேக்னடைட் இயற்கையில் கிடைக்கும் ஃபெரைட்தான். சேலத்துக் கஞ்சமலையில் அந்தத் தாது நிறைய. சித்த மருத்துவர்கள் அதைச் சுத்திசெய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, புடம்போட்டுக் காந்தச் செந்தூரம் செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அரை, கல, அழுத்து, சுடு. இன்றைய ஃபெரைட் ஆலையின் வேலையும் இதே வரிசையில்தான் நடக்கிறது. ஆலையின் முக்கிய மூலப்பொருள் சிவப்பு இரும்பு ஆக்சைடு, அதாவது நயமான துரு.

சீனத்தில் இந்தக் கல் ஊசிக்குக் காந்தம் ஏற்றியது. 1088 வாக்கில் ஷென் குவோ அந்த ஊசியைப் பற்றி எழுதிவைத்தார். ஊசி கப்பலேறிற்று. 1600இல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட், பூமியே ஒரு பெரிய காந்தம் என்று புத்தகம் போட்டார். 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே, ஆறு அங்குல இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தினார். தொடாமலேயே மற்றொன்றில் மின்சாரம் துள்ளியது. டிரான்ஸ்ஃபார்மர் பிறந்த நாள் அது.

கூடவே ஒரு தொல்லையும் பிறந்தது. இரும்பு காந்தத்தையும் கடத்தும், மின்சாரத்தையும் கடத்தும். சுருளில் மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். இரும்பு கொதிக்கும், ஆற்றல் வீணாகும். அதனால் இரும்பைத் தகடு தகடாக வெட்டி, இடையே வார்னிஷ் பூசி அடுக்கினார்கள். நொடிக்கு 50 முறை ஆடும் வீட்டு மின்சாரத்துக்கு அது போதும். நொடிக்கு லட்சம் முறை ஆடும் ரேடியோ அலைக்கு எவ்வளவு மெல்லிய தகடும் தடிமன்தான். எனவே ரேடியோக்காரர்கள் இரும்பையே கைவிட்டு, வெறும் காற்றைச் சுற்றிக் கம்பி சுற்றினார்கள். குறைந்த அதிர்வெண்ணில் வேலைசெய்த பழைய நெட்டலை நிலையங்களில் அந்தச் சுருள்கள் பீப்பாய் பீப்பாயாக நின்றன.

சாந்தாய் அரைத்த இரும்புத்தூளைப் பிசினில் குழைத்து வார்ப்பது இன்னொரு வழி. ஒவ்வொரு துகளும் தனித்தனியாக இருப்பதால் மின்சாரம் தாண்டாது. ஆனால் இடையில் உள்ள பிசின் காந்தத்தையும் தடுத்துவிடும். வேறொரு வழியும் தட்டுப்பட்டது. 1909இல் பெர்லினில் ஹில்பர்ட் என்பவர், உலோகத்துக்குப் பதில் இரும்பு ஆக்சைடுகளைச் சுட்டு கோர் செய்யலாம் என்று காப்புரிமை எடுத்தார். எண்ணம் சரி. அவர் சுட்டெடுத்த பொருளுக்குக் காந்தவன்மை போதவில்லை. காகிதம் அலமாரிக்குள் போயிற்று.

இருபது ஆண்டு கழித்து அது உயிர்பெற்றது ஜப்பானில், அதுவும் ரேடியோவோடு சம்பந்தமே இல்லாத ஒரு வேலையிலிருந்து. துத்தநாகத் தாதுவை வறுக்கும்போது துத்தநாகம் இரும்போடு சேர்ந்து இறுகிக்கொண்டு, பிரித்தெடுக்க முடியாத துத்தநாக ஃபெரைட் ஆகிவிடும். அந்தத் தலைவலியின் மூலத்தைத் தேடும் வேலையை டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் யோகோரோ காடோ தன் இளம் சகாவான டகேஷி டகேயிடம் கொடுத்தார். டகேய் விதவிதமான ஃபெரைட்டுகளைச் சுட்டு, அவற்றின் காந்தத்தன்மையை அளந்துகொண்டிருந்தார். ஒரு நாள் கருவியின் சுவிட்சை அணைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்பது அந்த ஆய்வுக்கூடத்தின் கதை. மறுநாள் வந்து பார்த்தால், காந்தப்புலத்துக்குள்ளேயே ஆறிப்போன கோபால்ட் ஃபெரைட் துண்டு வலுவான நிலைக்காந்தமாகியிருந்தது. சுட்ட துரு இவ்வளவு வலுவான காந்தமாகும் என்று யாரும் அதுவரை எதிர்பார்க்கவில்லை. அந்தத் தேடலிலேயே அதன் தம்பியும் கிடைத்தான்: செம்பும் துத்தநாகமும் சேர்த்த மென்ஃபெரைட். காந்தம் சட்டென ஏறும், சட்டென இறங்கும், மின்சாரம் மட்டும் நுழையாது. ஆண்டு 1930.

இதை வாங்கிக்கொண்டவர் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. கென்ஸோ சைடோ என்பவர் அங்கோரா முயல் வளர்ப்புத் தொழிலில் இருந்தவர். காடோவைச் சந்தித்துப் பேசியதில், சொந்தக் கண்டுபிடிப்பை வைத்து ஒரு தொழிலைக் கட்ட வேண்டும் என்ற ஆசை பற்றிக்கொண்டது. விற்குமா என்றே தெரியாத இந்தச் சுட்ட துருவுக்காக 1935இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். டோக்கியோ டென்கி ககாகு என்ற அதன் பெயரைச் சுருக்கினால் டி.டி.கே. ஆம், நம் வீடுகளில் இளையராஜா பாட்டுப் பதிந்து வைத்திருந்த கேசட்டுகளின் டி.டி.கே.தான். கேசட் நாடாவில் பூசியிருந்த பழுப்புப் பொடியும் இரும்பு ஆக்சைடே. 1937இல் ரேடியோக்களுக்கான ஃபெரைட் கோர்கள் அங்கே மொத்த உற்பத்தியாக வரத் தொடங்கின.

ஏறக்குறைய அதே காலத்தில் ஹாலந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஸ்நூக் இதே பொருளில் இறங்கினார். போர்க்காலத்தில் அவர் தேர்ந்த இரண்டு கலவைகளே இன்றுவரை உலகை ஆள்கின்றன. மாங்கனீஸ்–துத்தநாகம் ஒன்று: காந்தத்தை ஆயிரக்கணக்கான மடங்கு திரட்டும், சில மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். நிக்கல்–துத்தநாகம் மற்றொன்று: திரட்டல் குறைவு, ஆனால் கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள், இன்னும் உயரமான அதிர்வெண்களுக்குப் போகும். ஜப்பான் முந்தியதா ஹாலந்து முந்தியதா என்று போருக்குப் பின் காப்புரிமைத் தகராறும் எழுந்தது. என் கணக்கில் முதல் உரிமை டோக்கியோவுக்கு. பொருளைப் பக்குவத்துக்குக் கொண்டுவந்த பெருமை ஐந்தோவனுக்கு.

துத்தநாக ஃபெரைட் தனியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டாது. அதை மற்றொரு ஃபெரைட்டில் கலந்தால் காந்தவன்மை கூடுகிறது! 1948இல் பிரான்சின் லூயி நேல் முடிச்சை அவிழ்த்தார். ஃபெரைட்டுக்குள் அணுக்காந்தங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. வடம் இழுக்கும் போட்டி மாதிரி, பெரிய கட்சியின் மிச்சபலம்தான் வெளியே தெரிகிறது. துத்தநாகம் போய் உட்காருவது சின்னக் கட்சியில். அது இழுக்காது, ஆகவே எதிராளி தளர்ந்து, மொத்த இழுவை கூடுகிறது. இதற்காகவும் இதை ஒட்டிய ஆய்வுகளுக்காகவும் நேலுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கம் வருவோம். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப்தான் இங்கே வால்வு (வெற்றிடக் குழல்) ஒலிபரப்புக்குப் பிள்ளையார் சுழி. 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. அன்றைய வால்வு ரேடியோவுக்கு மொட்டைமாடியில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே செப்புவலை ஏரியல் கட்ட வேண்டும். ஐம்பதுகளில் ஃபெரைட் ராடு ரேடியோவுக்குள் புகுந்ததும் மூங்கில் கீழே இறங்கியது. சாண் நீளக் கறுப்புக் கோல், அதன்மேல் பட்டுநூல் சுற்றிய கம்பிச் சுருள். அது காற்றிலிருக்கும் காந்த அலையைத் தன்பக்கம் வளைத்துக் குவித்துக்கொள்ளும். இலங்கை வானொலி சரியாகக் கேட்காதபோது டிரான்சிஸ்டரைத் தூக்கி அப்படியும் இப்படியும் திருப்பினோமே, நாம் திருப்பியது அந்தக் கோலைத்தான். கோலின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் பாட்டு தெளியும். நுனி பார்த்தால் மங்கும்.

சுதந்திர இந்தியாவில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்புக்காரர், கே.எஸ். கிருஷ்ணன். படிகங்களின் காந்தத்தன்மையை அளப்பதில் உலகம் மதித்த கை அவருடையது. அந்த ஆய்வுக்கூடம் ரேடியோ உறுப்புகளையும் ஃபெரைட்டையும் இங்கேயே செய்துபார்த்தது. 1974இல் சாகிபாபாத்தில் வந்த மத்திய எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஃபெரைட் செய்யத் தொடங்கியது. அதற்கு முன்பே கணினிக்குள்ளும் ஃபெரைட் புகுந்திருந்தது. பம்பாயில் டாடா ஆய்வுக்கழகத்தில் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960இல் இயங்கிய டிஃப்ராக் கணினியில் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன. அதன் நினைவகமோ ஃபெரைட் மணிகள். 40 இலக்கம் கொண்ட 2,048 சொற்கள், இலக்கத்துக்கு ஒரு மணி. கணக்குப் பார்த்தால் எண்பதாயிரத்துக்கும் மேல். கம்பியில் கோத்த அந்த மணிகள் கரண்ட் போனாலும் மறக்காதவை.

வால்வும் ஃபெரைட்டும் உண்மையிலேயே மல்லுக்கட்டிய இடம் வேறு: உயர்ந்த மின்னழுத்தம், குறைந்த அதிர்வெண். இங்கே சற்று நின்று கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஃபெரைட்டின் மின்தடை இரும்பைப்போல் கோடி மடங்கு; ஆனால் அதன் வயிறு சிறியது. சிலிக்கன் எஃகு ஏறத்தாழ 2 டெஸ்லா வரை காந்தத்தை ஏற்கும். ஃபெரைட் அரை டெஸ்லாவுக்குள் தெவிட்டிப்போகும். தெவிட்டிய கோர் இருந்தும் இல்லாத மாதிரி. மின்னழுத்தம் கூடினாலும் அதிர்வெண் குறைந்தாலும் கோருக்குள் திரளும் காந்தம் கூடும். குறைக்க வேண்டுமானால் சுற்றுகளைக் கூட்டு, அல்லது கோரைப் பெரிதாக்கு.

உதாரணமாக, 2 சதுர செ.மீ. குறுக்குப் பரப்புள்ள கோர். சூடாகாமல் இருக்க 0.1 டெஸ்லாவுக்குமேல் ஏற்ற வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோஹெர்ட்ஸில் 1,000 வோல்ட்டைத் தாங்க 113 சுற்று போதும். 18.2 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 620 சுற்று. 50 ஹெர்ட்ஸுக்கு வந்தால் 2 லட்சத்து 25 ஆயிரம் சுற்று! அதனால்தான் வால்வு ரேடியோவின் ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் கடைசிவரை தகட்டு இரும்பே இருந்தது. அதே ரேடியோவின் ஏரியலில் ஃபெரைட் இருந்தது. 18.2 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசும் அலைவரிசை அது. ஓர் அலையின் நீளமே பதினாறரை கிலோமீட்டர்.

வால்வு இன்னொரு சிக்கலையும் கூட்டிக்கொண்டு வரும். ஈ.எல்.84 போன்ற வால்வின் ஆனோடுக்கு 250 வோல்ட் கொடுத்தால், சிக்னல் இல்லாதபோதும் 48 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அது கோரை ஒரே பக்கமாக இழுத்து வைத்திருக்கும்; பாதி வயிறு முதலிலேயே நிரம்பிவிடும். வடிவமைப்பவர்கள் மூன்று விதமாகத் தப்பிக்கிறார்கள். நேர்மின்னோட்டத்தைத் தனி சோக் வழியாக அனுப்பிவிட்டு, சிக்னலை மட்டும் கண்டென்சர் வழியாக ஃபெரைட்டுக்குத் தருவது ஒன்று. இரண்டு வால்வுகளை எதிரெதிராகப் பூட்டி, இருவர் இழுப்பையும் சமன்செய்வது இன்னொன்று. கோரின் இரு பாதிகளுக்கு நடுவே தாள் வைத்து இடைவெளி விடுவது மூன்றாவது. மாங்கனீஸ் கலவை ஓரளவு மின்சாரம் கடத்தும் என்பதால், உயரழுத்தச் சுருளை அதன்மேல் நேரே சுற்றாமல் காப்புப் போட்டே சுற்ற வேண்டும். சூடும் ஆபத்து: 200 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் பலவகை ஃபெரைட்டுகளின் காந்தத்தன்மையே காணாமல் போகும்.

அந்தத் தாள் இடைவெளியை நம் ஊர் டிவி மெக்கானிக்குகள் கையால் அறிவார்கள். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது; டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே டிவி செய்தார்கள். வால்வுக் காலத்து டிவிகளில் பி.எல்.504 போன்ற குண்டு வால்வு நொடிக்கு 15,625 முறை ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மரை உதைக்கும். வால்வின் ஆனோடில் ஏழாயிரம் வோல்ட் வரை துள்ளும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனையில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் எழும்பிப் படக்குழாய்க்குப் போகும். இ.எச்.டி. என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கினோமே, அதுதான். டிவி ஓடும்போது குழந்தைகள் காதில் மட்டும் விழுந்த அந்த மெல்லிய கீச்சொலி, காந்தம் ஏறி இறங்கும்போது ஃபெரைட் மயிரிழை அளவு நீண்டு சுருங்கியதன் குரல்.

வால்வுகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. திருப்பதி–சித்தூர் சாலையில் கடங்கியில் ஒரு பெரிய ரேடார் இருக்கிறது. வளிமண்டலத்தின் காற்றோட்டங்களை அளக்கும் அதில் 1,024 ஆண்டெனாக்கள். அவற்றுக்கு 53 மெகாஹெர்ட்ஸில் சக்தி ஊட்டியவை 32 வால்வு டிரான்ஸ்மிட்டர்கள். அந்த வால்வுகளின் இடத்திலும் இப்போது குறைகடத்திப் பெட்டிகள், ஆண்டெனாவுக்கு ஒன்று வீதம். ஆனால் பழைய கணக்கு மட்டும் போகவில்லை. சார்ஜருக்குள் நுழையும் 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகும். வால்வு ரேடியோவின் ஆனோடில் இருந்த அதே ரக அழுத்தம். அதை நொடிக்கு அறுபதாயிரம், லட்சம் முறை வெட்டி, ஃபெரைட் கோருக்குள் செலுத்துகிறார்கள். தெவிட்டாமல் எத்தனை சுற்று, எவ்வளவு இடைவெளி, எத்தனை டிகிரி சூடு என்ற அதே மூன்று கேள்விகளை ரேணிகுண்டாப் பக்கத்துப் பொறியாளரும் கேட்டாக வேண்டும்.

உலகின் ஃபெரைட்டில் பெரும்பங்கு இப்போது சீனத்தில் சுடப்படுகிறது. நம் நாட்டில் இமாச்சலத்து ஜாப்லியில் காஸ்மோ ஃபெரைட்ஸ் போன்ற சில ஆலைகளே மென்ஃபெரைட் செய்கின்றன. மூலப்பொருளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. எஃகு ஆலைகள் தகட்டின் துருவை அமிலத்தில் கழுவிய நீரை வறுத்தால் கிடைப்பது ஃபெரைட்டுக்கு ஏற்ற அதே சிவப்புப் பொடி. டிவியை இங்கே பூட்டுகிற நாம், அதன் உள்ளே போகும் கல்லையும் இங்கேயே சுட வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் பரணில் பழைய வால்வு ரேடியோ இருந்தால் ஒரு வேண்டுகோள். அதன் அலுமினியக் குப்பிகளுக்குள், திருகாணி வடிவில் சின்னக் கறுப்பு கோர்கள் இருக்கும். பாட்டு சரியில்லை என்று இரும்பு ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகாதீர்கள். இரும்பு கிட்டே வந்தாலே டியூனிங் மாறும். அழுத்தினால் கோர் பிளந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதற்கு மாற்று இன்று கடையில் கிடைப்பது அரிது. ஒரு மூங்கில் குச்சியை நுனி தட்டையாகச் சீவிக்கொண்டு, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள்.